படத்தின் துலக்கமும் யுத்தத்தின் உண்மையும்

யுத்தத்தைக் காட்டும் படம் எவ்வளவு துலக்கமாக இருக்க வேண்டும் என்னும் கேள்வி புதிதன்று. ஓவியர்களும் நாவலாசிரியர்களும் திரைப்பட நெறியாளர்களும் தத்தம் காலத்தில் இதனோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இன்று அக்கேள்வி நாம் அதிகம் எட்டிப்பாராத ஓர் இடத்தில், வீடியோ விளையாட்டுகளின் சந்தையில், மறுபடியும் எழுந்து நிற்கிறது. அங்கே அது தத்துவத்தின் மொழியில் பேசுவதில்லை; காசு கொடுத்து வாங்கியவனின் முறைப்பாடாகப் பேசுகிறது. விலை கூடிய கொன்சோலில் தத்ரூபமாகத் தெரியும் யுத்தம் விலை குறைந்த கொன்சோலில் ஏன் மங்கித் தெரிகிறது? சுவரின் வெடிப்பு எங்கே போயிற்று? தூரத்து மரம் ஏன் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கிறது? மாணவர்களின் பேச்சில் இம்முறைப்பாட்டைக் கேட்காத ஆசிரியர் இன்று அரிது. பிள்ளைகளின் வீண்பேச்சு என்று இதனைக் கடந்து சென்றுவிடலாம். ஆனால் இம்முறைப்பாட்டுக்குள் ஒரு பெரிய நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: படம் துலங்கத் துலங்க யுத்தத்தின் உண்மையை நாம் நெருங்குகிறோம் என்னும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை இங்கே பரிசீலிக்க விரும்புகிறோம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காதிருக்க ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2007 ஆம் ஆண்டு நவம்பரில் 'கோல் ஒஃப் டியூட்டி 4: மொடர்ன் வோர்ஃபெயார்' என்னும், அமெரிக்காவின் இன்ஃபினிட்டி வோர்ட் நிறுவனம் ஆக்கிய விளையாட்டு வெளிவந்தது. அவ்வரிசையில் அதற்கு முன் வந்தவை இரண்டாம் உலக யுத்தத்தைக் களமாகக் கொண்டவை. இதுவோ நமது காலத்து யுத்தத்துக்கு, மத்திய கிழக்குக்கும் ரஷ்யாவுக்கும் வந்து சேர்ந்தது. எக்ஸ்பொக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 என்னும் வலிமை மிக்க கொன்சோல்களுக்காக அது ஆக்கப்பட்டது. அவற்றின் நினைவகம் 512 மெகாபைட். அதே காலத்தில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் விற்ற 'வீ' என்னும் கொன்சோலின் நினைவகமோ 88 மெகாபைட் மட்டுமே. 2006 ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 500, 600 டொலருக்கு விற்கப்பட்டபோது வீ 250 டொலருக்குக் கிடைத்தது. உலகெங்கும் 10 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. இத்தனை பெரிய சந்தையை வியாபாரிகள் விட்டுவைப்பார்களா? 2009 நவம்பர் 10 ஆம் திகதி அதே யுத்தம் 'ரிஃப்ளெக்ஸ்' என்னும் அடைமொழியுடன் வீ கொன்சோலுக்கும் வந்தது. மாற்றியமைக்கும் வேலையை டிரெயார்க் என்னும் மற்றொரு நிறுவனம் செய்தது. செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்பட்ட படம் 30 தடவையாகக் குறைந்தது. மேற்பரப்புகள் சேறு பூசியதுபோல் ஆயின. ஒளி தட்டையாயிற்று. வாங்கியோர் முணுமுணுத்தனர், வேறு சிலர், இத்தனை சிறிய பெட்டிக்குள் இத்தனை பெரிய யுத்தத்தை அடக்கியது சாதனையல்லவா என்று மெச்சினர்.

அந்த நாளை இந்த நாட்டுக்காரர்களாகிய நாம் வேறு விதத்திலும் நினைவுகூர வேண்டியிருக்கிறது. முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்து அப்போது ஆறு மாதங்கூட நிறையவில்லை. வவுனியாவின் முகாம்களில், முட்கம்பிக்கு உள்ளே, இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் இன்னும் இருந்தார்கள். நவீன யுத்தத்தின் படம் துலக்கமா, மங்கலா என்று உலகம் விவாதித்துக்கொண்டிருந்த வாரமும் அதுவே. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்துப் பார்க்கும்போது கேள்வி சற்றுக் கனக்கிறது.

ஒரு விளையாட்டை வலிமை குறைந்த கருவிக்கு மாற்றும்போது நடப்பது என்ன? திரையில் தெரியும் ஒவ்வோர் உருவமும் நுண்ணிய முக்கோணத் துண்டுகளால் கட்டப்பட்டது. அக்கட்டின்மேல் தோல் போர்த்துவதுபோல ஒரு படம் ஒட்டப்படுகிறது. பின்னர் எங்கிருந்து ஒளி விழுகிறது, எங்கே நிழல் படிகிறது என்பது ஒவ்வொரு கணமும் கணக்கிடப்படுகிறது. கருவி வலிமை குறைந்ததாயின் முக்கோணங்களைக் குறைக்கிறார்கள், தோலைச் சிறிதாக்குகிறார்கள், நிழலை எளிமையாக்குகிறார்கள் அல்லது நீக்கியே விடுகிறார்கள். தூரத்தில் இருப்பதை வரையாமல் புகையாலோ மூடுபனியாலோ மறைத்துவிடுவது பழைய தந்திரம். சுடப்பட்டு விழுந்த உடல்கள் சற்று நேரத்தில் மறைந்துபோவதும் இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் நெடுநாளாக உள்ள வழக்கம். உடல்கள் கிடந்தால் நினைவகம் நிறைந்துவிடும். இதனை எழுதும்போது நாம் மிகைப்படுத்தவில்லை. தொழில்நுட்பக் காரணம் அதுவேதான்.

இவ்வேலையில் ஈடுபடும் தொழிலாளர்கள் திறமைசாலிகள். அவர்களுடைய உழைப்பை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் நாள்தோறும் அவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை நாமும் கேட்டுப் பார்ப்போம்: எதை எடுத்துவிட்டாலும் இது இதே விளையாட்டாக இருக்கும்? புல்லை எடுக்கலாம். கூரையின் ஓட்டை எடுக்கலாம். சுவரில் தொங்கும் படத்தின் முகத்தை அழிக்கலாம். நிழலை எடுக்கலாம். துப்பாக்கியை எடுக்க முடியாது. குறிபார்க்கும் வட்டத்தை எடுக்க முடியாது. சுடப்பட வேண்டியவனை எடுக்க முடியாது. ஒரு நூலின் சாரத்தை அறிய அதன் சுருக்கப் பதிப்பைப் படிப்பது போல, ஒரு யுத்த விளையாட்டின் உள்ளத்தை அறிய அதன் மலிவுப் பதிப்பைப் பார்ப்பதே நல்ல வழி. எக்ஸ்பொக்ஸில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தபடியால் எது அவசியம், எது அலங்காரம் என்று நமக்குத் தெரியவில்லை. வீயில் இடம் போதாதபடியால் அது வெளிப்பட்டுவிட்டது. அங்கே வீடு அலங்காரம், துப்பாக்கி அவசியம்.

இந்தப் பாகுபாடு உண்மையான யுத்தத்தை அனுபவித்தவர்களின் பாகுபாட்டோடு பொருந்துகிறதா? இதனை அமெரிக்காவில் வைத்தோ ஜப்பானில் வைத்தோ ஆராய்வதைவிடப் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில், ஆலங்குடாவில் வைத்து ஆராய்வது பயன் தரும்.

ஒருபுறம் இந்து சமுத்திரமும் மறுபுறம் புத்தளம் களப்புமாக நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், மணலும் தென்னையும் மீன்பிடியும் தோட்டச் செய்கையுமாக உள்ள கிராமம் ஆலங்குடா. அருகில் நுரைச்சோலையின் அனல்மின் நிலையம், மூன்று இயந்திரங்களுமாக 900 மெகாவாட் வலுவோடு நிற்கிறது. டொல்பின் பார்க்க வரும் வெளிநாட்டார் கடற்கரை விடுதிகளில் தங்குகிறார்கள். அவ்வூர் இளைஞர்களுக்கு எக்ஸ்பொக்ஸ் என்ன, வீ என்ன, எல்லாமே தூரத்துப் பச்சை. அவர்களுடைய கொன்சோல் கையடக்கத் தொலைபேசிதான். அதிலும் பழையது, கை மாறியது, திரையில் கீறல் விழுந்தது.

அதனால் அவர்கள் இவ்விவாதத்துக்கு வெளியே நிற்கிறார்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. 2017 ஆம் ஆண்டில் கணினியில் வெளிவந்து உலகைப் பிடித்துக்கொண்ட 'பப்ஜி' விளையாட்டு 2018 மார்ச்சில் கையடக்கத் தொலைபேசிக்கு மாற்றப்பட்டது. அதனையும் தாங்க இயலாத தொலைபேசிகள் ஆசியாவில் கோடிக்கணக்கில் இருந்தமையால் அதன் 'லைட்' பதிப்பு ஒன்று தோன்றி, 2019 இல் இந்தியாவுக்கும் வந்தது. மூலத்தில் 100 பேர் பங்குகொண்ட சண்டையில் இங்கே 60 பேர். நிலப்பரப்பும் சுருங்கிற்று. சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் 2017 இல் வெளியிட்ட 'ஃப்ரீ ஃபயர்' தொடக்கத்திலிருந்தே வலிமை குறைந்த தொலைபேசிகளைக் கணக்கில் எடுத்து ஆக்கப்பட்டது. அதில் 50 பேர். ஆக, வலிமை மிக்க கருவிக்கு ஆக்கிய யுத்தத்தை ஏழையின் கருவிக்குக் குறுக்கிக் கொடுக்கும் கதை நமது கரையிலும் நடந்துகொண்டிருக்கிறது.

இங்கே ஓர் இடையுரை. படத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு இவ்விளையாட்டுகளில் சில சமயம் ஓர் அனுகூலம் கிட்டுகிறது. தூரத்துப் புல்லைக் கருவி வரைவதில்லை. புல்லுக்குள் படுத்து மறைந்திருப்பதாக ஒருவன் எண்ணிக்கொண்டிருக்க, தூரத்தில் இருப்பவனுக்கு அவன் வெறுந்தரையில் படுத்திருப்பவனாகத் தெரிகிறான். வசதியுள்ளவன் தன் திரையில் பார்க்கும் அழகிய புல் அவனை மறைக்கவில்லை என்பது வர்க்க நியாயத்தின் வேடிக்கையான ஒரு வெளிப்பாடு என்று நண்பர் ஒருவர் சொல்லிச் சிரித்தார். நாமும் சிரித்தோம்.

ஆனால் வர்க்கப் பிரச்சினையைச் சிரிப்போடு விட்டுவிட முடியாது. மங்கலான படத்தைப் பற்றி அவ்வூர்ப் பையன் சொல்லும் முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. கொழும்பின் வசதியான வீட்டில் ஒரு பிள்ளை காணும் காட்சி தனக்குக் கிடைக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். தேய்ந்த பாடநூலும் மங்கிய கரும்பலகையும் அவனுக்கு வாய்த்தது போலவே மங்கிய விளையாட்டும் வாய்த்திருக்கிறது. 'உனக்கு எதற்கடா இந்த ஆசை' என்று அவனைக் கண்டிக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்களிடமிருந்தே வருகின்றன. நல்ல படத்தைக் காண விரும்பும் கண் குற்றமுள்ள கண் அன்று. அந்த ஆசையை வளர்த்து, அடுத்த தொலைபேசியை, அதற்கடுத்த தொலைபேசியை விற்கும் சந்தையே விசாரிக்கப்பட வேண்டியது.

இனி, அவன் விளையாடுவது எங்கே இருந்து என்பதைச் சொல்ல வேண்டும். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் இறுதி நாள்களில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30 ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் பணமும் பொருளும் பறித்துக்கொள்ளப்பட்டன. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினார்கள். அக்கரையின் மக்கள் அவர்களை ஏற்றுக்கொண்டார்கள், இருந்ததைப் பகிர்ந்தார்கள். கிடுகு வேய்ந்த முகாம் குடிசைகள் எழுந்தன. ஆலங்குடாவும் அவ்விதம் அகதிகளைத் தாங்கிய ஊர். தற்காலிகம் என்று தொடங்கிய வாழ்க்கை முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. இன்று தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையன் அம்முகாம்களில் வளர்ந்தவர்களின் பிள்ளை.

பப்ஜி விளையாட்டின் முதற் களம் கருங்கடலில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு தீவு. மக்கள் விட்டுச்சென்ற தீவு. நூறு பேர் வெறுங்கையோடு பரசூட்டில் இறங்குகிறார்கள். இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆளில்லாத வீடுகளுக்குள் நுழைந்து கிடைப்பதை எடுத்துக்கொள்வது. கதவைத் திற, அறையைப் பார், எடு, அடுத்த வீட்டுக்கு ஓடு. நாம் அவ்வூருக்குச் சென்றிருந்த ஒரு பிற்பகலில், ஒரு வீட்டுத் திண்ணையில் பையன் ஒருவன் இவ்வாறு வீடு வீடாகப் புகுந்துகொண்டிருந்தான். பின்னால் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த முதிய பெண்மணி, வடக்கிலிருந்து வந்தவர், மெல்லக் கேட்டார்: "இந்த ஊட்டு ஆக்களெல்லாம் எங்க மகன்?" பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒருத்தரும் இல்ல உம்மம்மா. இது கேம்." அவர் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அவருடைய கேள்விக்குப் பப்ஜியின் எந்தப் பதிப்பிலும் பதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உயர்ந்த கணினியில் அந்த வீட்டுச் சுவரின் சுண்ணாம்பு உரிந்திருப்பது தெரியும். யன்னல் கண்ணாடியில் ஒளி தெறிப்பது தெரியும். மலிவான தொலைபேசியில் இவை தெரியா. ஆனால் வீட்டுக்காரர் எங்கே என்பது இரண்டிலும் சமமாக விடப்பட்டிருக்கிறது. வன்முறையான வெளியேற்றத்துக்கு ஆளானவருக்கு யுத்தம் என்பது என்ன? துப்பாக்கியை அவர் ஒருமுறை, ஒழுங்கை முனையில் கண்டிருப்பார். அதன் வகையும் பெயரும் அவருக்கு நினைவில்லை. நினைவில் நிற்பவை காணி உறுதி, திறப்பு, அடுப்பில் இருந்த சோறு, கட்டிவைத்திருந்த ஆடு, பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழ். விளையாட்டை மாற்றியமைப்பவர் முதலில் தூக்கி எறியும் பொருள்களின் பட்டியலும், அகதியின் நினைவில் இறுதிவரை நிற்கும் பொருள்களின் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றே.

இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி இத்தகைய ஏடுகளில் நெடுநாள் விவாதம் நடந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் விவரங்களை அப்படியே அடுக்குவது ஒன்று. அவ்விவரங்களை இயக்கும் உறவுகளைக் காட்டுவது மற்றொன்று. ஹங்கேரிய அறிஞர் லூக்காச் 1936 இல் எழுதிய கட்டுரையொன்றில், வருணனை பெருகப் பெருக மனிதன் பொருள்களுள் ஒரு பொருளாகிவிடும் அபாயத்தைப் பற்றிப் பேசினார். நாவலுக்காகச் சொல்லப்பட்ட அக்கருத்து, முக்கோணங்களை எண்ணிப் பெருமை கொள்ளும் இத்தொழிலுக்கு மிகவும் பொருந்துகிறது.

நமது மரபிலேயே இதற்குச் சான்று உண்டு. யுத்தக் காட்சியின் துலக்கத்தில் கலிங்கத்துப்பரணியை விஞ்சிய நூல் தமிழில் இல்லை. குருதியும் கொழுப்பும் துண்டுபட்ட யானைகளும், பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கும் பேய்களும் என்று செயங்கொண்டார் காட்டாத நுணுக்கம் இல்லை. ஆயினும் கலிங்கத்து ஊர் ஒன்றில் வாழ்ந்த ஒரு குடியானவனுக்கு அந்த யுத்தத்தால் என்ன நேர்ந்தது என்பதை அறிய அந்நூலுக்குள் செல்பவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். புறநானூற்றில் பாரி மகளிர் பாடியதாக உள்ள செய்யுளோ ஐந்தே அடி. அதில் வாள் இல்லை, குருதி இல்லை, ஒரு பிணமும் இல்லை. தந்தையும் குன்றும் இருந்த மாதத்தையும், இரண்டும் இல்லாத மாதத்தையும் ஒரே நிலவின் கீழ் வைத்துக் காட்டுவதோடு அது முடிந்துவிடுகிறது. இரண்டில் எது யுத்தத்தை அறிந்தது என்று ஆலங்குடாவின் முதியவர்களிடம் கேட்டால் விடை சொல்ல அவர்களுக்கு நேரமாகாது. பரணியின் கவித்துவத்தை நாம் மறுக்கவில்லை. அது வென்றவனின் சபையில் பாடப்பட்டது என்பதை மறக்கலாகாது என்கிறோம். ஸ்பெயின் தேசத்து கோயா நெப்போலியனுடைய படையெடுப்பின் கொடுமைகளைச் செதுக்கிய சித்திரங்களில் நிறமே இல்லை. அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863 இல்தான் அவை வெளியிடப்பட்டன. வென்றவர் சபைகளில் அவற்றுக்கு இடம் இருக்கவில்லை.

அப்படியானால் மங்கலான படமே மேலானது என்று நாம் சொல்கிறோமா? இல்லை. மங்கலுக்கும் தன் குற்றங்கள் உண்டு. மொடர்ன் வோர்ஃபெயாரில் ஒரு கட்டம் இருக்கிறது. விளையாடுபவர் விமானமொன்றில் அமர்ந்து, வெப்பத்தைக் காட்டும் கருவியின் வழியாகக் கீழே உள்ள கிராமத்தைப் பார்க்கிறார். கறுப்பு வெள்ளைத் திரை. மனிதர்கள் வெண்ணிறப் பொட்டுகள். தன் பக்கத்தவருக்கு மட்டும் மினுங்கும் அடையாளம் உண்டு. பொட்டுகளைச் சுட வேண்டும். தேவாலயத்தை மட்டும் சுடக்கூடாது என்பது கட்டளை. உடனிருப்போரின் குரல்கள் அலுவலகப் பேச்சுப் போல ஒலிக்கின்றன. அவ்விளையாட்டில் யதார்த்தம் மிகுந்த இடம் எதுவென்று கேட்டால், விவரங்கள் மிகக் குறைந்த இந்த இடத்தையே பலரும் சுட்டுகிறார்கள்.

அது வெளிவருவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், 2007 ஜூலை 12 ஆம் திகதி, பக்தாதில் அமெரிக்க ஹெலிகொப்டர்கள் இத்தகைய ஒரு திரையின் வழியாகத் தெருவில் நின்றவர்களைச் சுட்டன. ரொய்ட்டர் நிறுவனத்தின் புகைப்படக்காரர் நமீர் நூர் எல்தீனும், சாரதி சயீத் ஷ்மாகும் கொல்லப்பட்டவர்களில் அடங்குவர். கமராவை ஆயுதம் என்று கொண்டார்கள். காயமுற்றவரை ஏற்ற வந்த வாகனமும் சுடப்பட்டது. உள்ளே இருந்த இரு குழந்தைகள் படுகாயமுற்றார்கள். 2010 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் அந்தப் பதிவை வெளியிட்டபோது, 'இது வீடியோ விளையாட்டுப் போல இருக்கிறதே' என்று உலகம் திகைத்தது. உண்மை முறை தலைகீழானது: விளையாட்டுதான் அந்தத் திரையைப் பார்த்து வரையப்பட்டது. மனிதனைப் பொட்டாகக் காட்டுவது கொன்சோலின் வறுமையால் வந்த குறை அன்று. உலகிலேயே அதிக பணம் செலவிடும் இராணுவம் விரும்பி வாங்கும் படம் அது. அந்த இராணுவமே 2002 ஜூலையில் 'அமெரிக்காஸ் ஆர்மி' என்னும் விளையாட்டை ஆக்கி, இளைஞர்களுக்கு இலவசமாக வழங்கி, ஆள் சேர்ப்புக்குப் பயன்படுத்தி, 2022 இல்தான் அதனை மூடியது என்பதையும் சேர்த்து நினைத்தால் இத்தொழிலின் உறவுகள் விளங்கும்.

மறுபுறத்தையும் பார்ப்போம். 2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் செனல் 4 தொலைக்காட்சி, இலங்கையில் கைகள் கட்டப்பட்ட மனிதர்கள் சுட்டுக்கொல்லப்படும் காட்சியை ஒளிபரப்பியது. அது கையடக்கத் தொலைபேசியால் எடுக்கப்பட்ட, நடுங்கும், தெளிவற்ற படம். அரசாங்கம் அதனைப் போலி என்றது. புள்ளிகளும் ஒலியும் நேரக் கணக்கும் ஆராயப்பட்டன. 2010 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், நிபுணர் மூவரின் ஆய்வைக் கொண்டு, பதிவு உண்மையானது என்பதையே சான்றுகள் வலுவாகச் சுட்டுகின்றன என்று அறிவித்தார். அரசாங்கம் அதனையும் ஏற்கவில்லை. நல்ல படத்துக்குப் பழகிய கண் மோசமான படத்தை நம்ப மறுக்கும். அந்த மறுப்பு ஆட்சியாளருக்குக் கைகொடுக்கும். யுத்தத்தில் இறப்பவர்களிடமும், அதனை ஒளிந்திருந்து பதிவு செய்பவர்களிடமும் உயர்ந்த கமரா இருப்பதில்லை. படத்தின் துலக்கத்தை உண்மையின் அளவுகோலாகப் பழக்கப்படுத்தும் கல்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இங்கே காண்கிறோம்.

'விளையாட்டை விளையாட்டாகப் பாருங்கள். சதுரங்கத்தில் காலாள் விழும்போது அழுகிறோமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சதுரங்கம் தன்னை யுத்தத்தின் தத்ரூபம் என்று விளம்பரம் செய்து விற்கவில்லை. இவை விற்கின்றன. தத்ரூபம் என்று விலை வாங்குபவரிடம் தத்ரூபத்தின் கணக்கைக் கேட்பது நுகர்வோனின் உரிமையும் ஆகும். விளையாடுகிற பிள்ளைகள் கொலைகாரராகிவிடுவர் என்னும் கூச்சலில் நாம் சேரவில்லை. ஆலங்குடாப் பையன் எவருக்கும் தீங்கு நினையாதவன்.

கேட்டால் கிடைக்காது என்பதும் இல்லை. 2013 ஆம் ஆண்டில் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம், யுத்த விளையாட்டுகளில் யுத்தச் சட்டங்களும் இடம்பெற வேண்டும் என்று ஆக்குவோரை வேண்டியது. 2017 இல் செக் நாட்டின் பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் 'ஆர்மா 3' விளையாட்டுக்கு இணைத்த ஒரு பகுதியில், விளையாடுபவர் கண்ணிவெடி அகற்றும் மனிதாபிமானப் பணியாளராகிறார். 2014 இல் போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் வெளியிட்ட 'திஸ் வோர் ஒஃப் மைன்' இன்னும் துணிந்தது. சரயேவோ முற்றுகையின் அனுபவத்திலிருந்து பிறந்த அவ்விளையாட்டில் நாம் படைவீரரல்லர்; குண்டுபட்ட வீட்டில் உணவுக்கும் மருந்துக்கும் அலையும் சாதாரண மனிதர்கள். அதிலும் பிறர் வீட்டில் புகுந்து எடுக்கலாம். ஆனால் வீட்டுக்காரர் அங்கே இருக்கிறார். முதியவர்களிடம் திருடிவந்தவன் அதன் பின்னர் மனமுடைந்து உட்கார்ந்துவிடுகிறான். படமோ கரிக்கோலால் கீறியது போன்றது. சாதாரணத் தொலைபேசிக்கு அது மாற்றப்பட்டபோது இழந்தது கொஞ்சம். 2020 இல் போலந்து அரசாங்கம் அதனைப் பள்ளி மாணவர்க்குப் பரிந்துரைக்கும் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. நமது கல்வி அதிகாரிகள் இதனைக் கேட்டால் நகைப்பார்கள்.

இந்த அளவுகோலை விளையாட்டு நிறுவனங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் அது வசதியான முற்போக்காகிவிடும். இடம் போதாதபோது எதை முதலில் வெட்டுகிறோம் என்பது யுத்தத்தைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரின் முன்னும் நிற்கும் கேள்வி. தமிழில் யுத்தம் பற்றி எழுதப்பட்ட நூல்கள் இன்று ஓர் அலுமாரியை நிரப்பும். களங்களின் பெயர்களும் தளபதிகளின் பெயர்களும் ஆயுதங்களின் வகைகளும் அவற்றில் துலக்கமாக உள்ளன. 1990 ஒக்டோபரைப் பற்றி வெளியேற்றப்பட்ட சமூகத்திலிருந்து கதைகளும் கவிதைகளும் வந்திருக்கின்றன. தமிழரில் மனச்சாட்சியுள்ள சிலரும் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் பெரும்பாலான வரலாறுகளில் அது ஒரு வாக்கியமாகவும், மேடைப் பேச்சுகளில் ஒரு தயக்கமாகவுமே கடந்து செல்கிறது. தூரத்துப் புல்லைப் போல. முள்ளிவாய்க்காலின் மங்கிய படங்களை உலகம் நம்ப வேண்டும் என்று கோருபவர்கள், படமே எடுக்கப்படாத சோனகத் தெருவின் அந்த இரண்டு மணித்தியாலத்தை நம்பவும் சொல்லவும் கடமைப்பட்டவர்கள். ஒன்றைச் சொன்னால் மற்றது பலவீனப்படும் என்னும் வாதத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அது இடப்பற்றாக்குறையைக் காரணம் காட்டும் வாதம். 88 மெகாபைட் கொன்சோலுக்கு அது பொருந்தும், மனித மனத்துக்குப் பொருந்தாது.

ஆசிரியர்களாக உள்ள வாசகர்கள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொலைபேசியைப் பறிக்க வேண்டாம், உபதேசமும் வேண்டாம். மாணவனுக்குப் பிடித்த யுத்த விளையாட்டில் அவன் அடிக்கடி புகுந்து வரும் வீடு ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொல்லுங்கள். அங்கே யார் குடியிருந்தார்கள், சமையலறையில் என்ன இருந்தது, எதை எடுத்துக்கொண்டு போனார்கள், எதை விட்டுப் போனார்கள், எந்தக் கரையில் போய் இறங்கினார்கள் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஆலங்குடாவிலோ மன்னாரிலோ வன்னியிலோ உள்ள வகுப்பறையாயின், எழுதுவதற்கு முன் வீட்டில் உள்ள முதியவர்களிடம் கேட்டுவர ஒரு நாள் அவகாசம் கொடுங்கள்.